பீடி சுற்றும் பெண்களை எந்தத் தரவில் தேடுவது?

தாமிரபரணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு தொடங்கியிருக்கிறேன். துறை சமூகவியல். "எந்தத் தரவை வைத்துப் பேசப்போகிறாய்?" என்று நெறியாளர் கேட்கிறார். அந்த இடத்தில்தான் நிற்கிறேன்.

கையில் இருப்பவை: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகள், பி.எல்.எஃப்.எஸ். எனப்படும் தொழிலாளர் கணக்கெடுப்பின் தனிநபர் தரவு, பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, பி.எஃப். விவரங்கள், அப்புறம் நானே எடுக்கத் தொடங்கியிருக்கும் நேர்காணல்கள். ஒன்றோடு ஒன்று பொருந்தவே மாட்டேன் என்கிறது. ஒன்றில் தொழிலாளியாக இருக்கும் பெண் இன்னொன்றில் இல்லத்தரசி.

துறையில் பாதிப் பேர் "முந்நூறு பேரிடம் வினாப்பட்டியல் கொடு, மென்பொருளில் போடு, வேலை முடிந்தது" என்கிறார்கள். மீதிப் பேர் "எண்களை விடு, பெண்கள் பேசுவதைக் கேள்" என்கிறார்கள். முறையியல் பாடநூலில் முதல்நிலைத் தரவு, இரண்டாம் நிலைத் தரவு, நிறை, குறை என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். இந்தச் சிக்கலுக்கு அது உதவவில்லை. களத்தில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன் எழுதியது:

முந்நூறு பேர் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். தெரிந்த தெருவில், பேசச் சம்மதித்த முந்நூறு பேரைப் பிடித்தால் அந்த முந்நூறு பேரைப் பற்றித்தான் பேச முடியும். பி.எல்.எஃப்.எஸ்.ஸில் 2023-24இல் மட்டும் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஒவ்வொரு வீடும் தேர்வாக எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பது தெரியும். அதனால்தான் எடை போட்டு மாநிலம் முழுவதற்கும் மதிப்பிட முடிகிறது, எவ்வளவு பிழை இருக்கலாம் என்றும் சொல்ல முடிகிறது. தனிநபர் தரவை மத்தியப் புள்ளியியல் அமைச்சகத் தளத்தில் இலவசமாகவே இறக்கலாம். வேலை நடக்கும் இடம் சொந்த வீடா என்ற கேள்வியும் அதில் உண்டு. தொழில் வகைப்பாட்டில் பிரிவு 12 புகையிலைப் பொருட்கள். இரண்டையும் சேர்த்து வடிகட்டினால் உங்கள் ஆட்கள் வருவார்கள்.

ஆனால் இவ்வளவு வடிகட்டிய பிறகு கையில் மிஞ்சும் வரிசைகள் மிகக் குறைவாக இருக்கும். மாநிலத்துக்கு ஓரளவு பேசலாம். தென்காசிக்கு என்று தனியாக எண் சொன்னால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.

ஊர் அளவுக்கு இறங்க வேண்டுமென்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒன்றுதான் கதி. அதன் முதன்மைச் சுருக்க அட்டவணையில் கிராமவாரியாக, ஆண் பெண் பிரித்து, வீட்டுத் தொழிலில் ஈடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று இருக்கிறது. கவனிக்க வேண்டியது, தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். 2011 அட்டவணையில் நீங்கள் தேடுவது திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருக்கும். தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில், சிவகிரி, ஆலங்குளம், வீரகேரளம்புதூர் வட்டங்களைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும். அதுவும் பழைய கணக்கு. அடுத்த கணக்கெடுப்புக்கான அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1.

கதவுதட்டி எழுதியது:

ஒப்பந்த அடிப்படையில் கணக்கெடுப்பாளராக வேலை செய்தவன் நான். எந்தக் கணக்கெடுப்பு என்று சொல்லப் போவதில்லை. கணக்கன் சார் சொன்னதில் ஒன்றைக்கூட மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் எண் எப்படிப் பிறக்கிறது என்பதை மாணவி ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒரு வீடு. திண்ணையில் கணவர். உள்ளே வாசலை ஒட்டி அந்த அம்மா, மடியில் சுளகு. ஈர இலையைத் தகடு வைத்து வெட்டுகிறார், தூள் வைத்துச் சுருட்டுகிறார், முனையை மடக்கி நூல் கட்டுகிறார். "கடந்த 365 நாளில் வீட்டில் ஒவ்வொருவரும் பெரும்பாலும் என்ன செய்தார்கள்?" என்று கேட்கிறேன். ஒருவரே எல்லோருக்கும் பதில் சொல்ல விதியில் இடம் உண்டு. கணவர் சொல்கிறார்: "அவ வீட்டு வேலைதான்." அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நூல் சுற்றிக்கொண்டே இருக்கிறார். அப்படியே எழுதினால் குறியீடு 92, அதாவது வீட்டு வேலை மட்டும். "பீடி சுற்றுகிறாரே, தினம் எவ்வளவு நேரம்?" என்று இரண்டாவது கேள்வி போட்டால் 11, சுயதொழில். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் இருக்கிறார், கேட்காதவர் இருக்கிறார். படிவம் நீளமானது. அன்றைக்கு முடிக்க வேண்டிய வீடுகள் இன்னும் இருக்கும். வெயில் ஏறிவிட்டால் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள்.

எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் வரும் மாதிரிப் பிழையைச் சூத்திரம் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். இந்தப் பிழைக்குச் சூத்திரம் கிடையாது. அதுவும் எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை. கடைக்குப் போகும் ஆணின் வேலை ஒருபோதும் 92 ஆவதில்லை.

கணக்கன் எழுதியது:

கதவுதட்டி சொல்வது பெரிய அளவிலேயே நடந்திருக்கிறது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை செய்யும் பெண்களின் பங்கு சுமார் 28 சதவீதம். 1971இல் அது பாதியாகச் சரிந்தது. அந்தப் பத்தாண்டில் பெண்கள் பாதிப் பேர் வயலைவிட்டு வீட்டுக்குள் போய்விடவில்லை. 1961இல் பருவத்தின் பெரும்பகுதியில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தாலே தொழிலாளி. 1971இல் "முக்கியமாக என்ன செய்கிறீர்கள்" என்று முதலில் கேட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன பெண் அத்தோடு கணக்கைவிட்டுப் போனார். பிறகு 1991இல், நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ சம்பளமில்லாமல் செய்யும் வேலையும் வேலைதான் என்று கேள்விக்குள்ளேயே எழுதிச் சேர்த்தார்கள்.

இப்போதும் அதே விவாதம். பி.எல்.எஃப்.எஸ்.படி 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழில் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம். வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் செய்பவர்கள், குடும்பத் தொழிலில் கைகொடுப்பவர்கள் பங்கு பாதியிலிருந்து மூன்றில் இரண்டளவுக்கு ஏறியிருக்கிறது. இதில் நெருக்கடியால் வேலைக்கு வந்தவர்கள் எவ்வளவு, முன்பே செய்துகொண்டிருந்து இப்போது எண்ணப்பட்டவர்கள் எவ்வளவு? அந்த ஒரு தரவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

அதற்காகக் கணக்கெடுப்பே வேண்டாம் என்று போய்விடாதீர்கள். 1971 கதை நமக்குத் தெரிந்ததே கேள்வியும் வரையறையும் அச்சில் இருப்பதால்தான். ஒரு ஆய்வாளர் தன் நேர்காணலில் என்ன கேட்டார், எதை விட்டார் என்பது பெரும்பாலும் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பதிவேடு எழுதியது:

அட்டை, பி.எஃப். பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் தொழிற்சங்க அலுவலகத்தில் பல வருடம் கணக்கு எழுதியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட பதிவுக்கு ஒரு பலம் உண்டு. யாருடைய ஞாபகத்தையும் அது நம்பவில்லை. இலை, தூள் கொடுத்த அன்றைக்கே பாஸ்புத்தகத்தில் ஏறும். பீடி கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கே எண்ணிக்கை ஏறும். இருபது வருடம் தொடர்ச்சியாகக்கூடக் கிடைக்கும். எந்தக் கணக்கெடுப்பிலும் இது கிடைக்காது.

பலவீனம் என்னவென்றால், அதில் இருப்பது புத்தகம், ஆள் இல்லை. அட்டை அம்மா பேரில் இருக்கும். சுற்றுவது அம்மா, மூத்த மகள், சில வீட்டில் மருமகள். ஆயிரம் பீடி ஒரு பேரில் ஏறும். பி.எஃப்.பும் அந்த ஒரு பேருக்குத்தான். கம்பெனி கொடுக்கும் இலை போதாமல் வெளியில் காசு கொடுத்து இலை வாங்கி எண்ணிக்கையை நிரப்புவார்கள். அந்தச் செலவு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. கழிவு என்று தள்ளிய கட்டுகளும் முழுசாக ஏறாது. எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில், அந்த வாரம் இலை கொடுக்காததை "தொழிலாளி வரவில்லை" என்று எழுதுவார்கள். அதைப் பிறகு படிக்கிற ஆய்வாளர் பெண்கள் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை என்று முடிவு கட்டுவார். பதிவேட்டை எழுதுகிறவருக்கு எது தேவையோ அதுதான் பதிவாகும். அதை மனதில் வைத்துப் படித்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இன்னொன்று. 1966 பீடித் தொழிலாளர் சட்டத்தில் மூலப்பொருள் வாங்கி வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளி என்றே எழுதியிருந்தது. அதற்குப் போராடியவர்களில் இந்தப் பக்கத்துப் பெண்களும் உண்டு. உங்கள் கணக்கெடுப்பில் அதே பெண் சுயதொழில் செய்பவர் என்று கதவுதட்டி சொல்கிறார். இது எனக்கு வலிக்கிறது. கம்பெனிக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததும் அதுதானே?

கணக்கன் எழுதியது:

பதிவேடு ஐயா, நீங்கள் சொல்வது சரியான இடத்தில் படுகிறது. மூலப்பொருள் வாங்கி வீட்டில் செய்து கொடுப்பவரை, பி.எல்.எஃப்.எஸ்.ஸை நடத்தும் தேசிய மாதிரி ஆய்வு சுயதொழிலில்தான் சேர்க்கிறது. எப்போது, எவ்வளவு வேலை செய்வது என்று அவரே தீர்மானிக்கிறார், இடமும் அவருடையது என்பது அவர்கள் காரணம். பீடி சுற்றுபவருக்கு இந்தக் காரணம் எவ்வளவு பொருந்தும் என்பதே ஒரு அத்தியாயத்துக்கான கேள்வி.

தாமிரபரணி எழுதியது:

பதிவேடு அண்ணாச்சி, ரொம்ப நன்றி. அப்படியானால் ஒரே அக்கா பி.எஃப்.பில் கம்பெனித் தொழிலாளி, பி.எல்.எஃப்.எஸ்.ஸில் சுயதொழில், கணவர் பதில் சொன்னால் இல்லத்தரசி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுத் தொழில் செய்பவர். அவருடைய மகள் எதிலுமே இல்லை. நான் இதை என் தரவின் கோளாறு என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

ஊர்ச்சுவடி எழுதியது:

அதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள். உங்கள் ஆய்வுக்கான கண்டுபிடிப்பே அதுதான் என்பேன்.

கிராம ஆய்வு செய்பவள் என்ற முறையில் நேர்காணல், கூட இருந்து பார்த்தல் பற்றிச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை அவர்களுக்குத் தெரிந்த ஊர்களுக்கு அனுப்பி 1916இல் விவரம் சேகரித்தார். 1918இல் நூலாக வந்தது. அதில் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. அதே ஊரை 1930களில், 1980களின் தொடக்கத்தில், பிறகு 2008இல் என்று வெவ்வேறு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். பண்ணையாள் முறை எப்படித் தளர்ந்தது, கூலி எப்படிப் பேசப்பட்டது, யார் யாரிடம் கடன் பட்டார்கள் என்பதை ஒரே ஊரில் ஏறத்தாழ நூறு வருடத்துக்குத் தொடர முடிகிறது. ஒரு தாள் படிவத்தில் இந்த உறவுகள் ஏறாது.

இதன் பலவீனத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். ஓர் ஊர் ஓர் ஊர்தான். தெரிந்த ஊருக்குப் போகிற மாணவர் எந்த வீட்டில் தங்கினார், யாருடன் சாப்பிட்டார் என்பது அவர் எழுதியதில் இருக்கும். நிலக்காரர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் சேரி தூரத்தில்தான் தெரியும். இன்றைக்கும் அதே கதை. நீங்கள் கையில் குறிப்பேட்டோடு போனால் ஏதோ திட்டத்துக்குக் கணக்கெடுக்க வந்திருப்பதாக நினைப்பார்கள். வருமானம் குறையும், கஷ்டம் கூடும். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் அனுபவம் அப்படி. நாலு தடவை போய் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு மாறும்.

கதவுதட்டி எழுதியது:

அந்த நாலு தடவை போவதற்கு எங்களுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை அம்மா. அதனால்தான் சொல்கிறேன், மாணவியிடம் இருக்கும் பெரிய சொத்து நேரம். எங்களால் செய்ய முடியாததை அவர் செய்ய வேண்டும்.

வடலி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் கணக்கெடுப்பின் குறைகளைப் பேசுகிறீர்கள். கணக்கெடுப்பே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இலங்கையில் 1981க்குப் பிறகு வடக்கு கிழக்கில் முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது 2012இல்தான். 2001இல் நடந்தது, ஆனால் 18 மாவட்டங்களில் மட்டும்தான் முழுமையாக நடந்தது. இடையில் ஒரு தலைமுறையே இடம்பெயர்ந்தது, புலம்பெயர்ந்தது, இறந்தது. அந்தக் காலத்துக்கு எங்களிடம் இருந்தவை கிராம அலுவலர் வைத்திருந்த பட்டியல்கள், நிவாரண அட்டைகள், தொண்டு நிறுவனங்களின் கணக்குகள். நிவாரணத்துக்காகத் தயாரித்த பட்டியலில் நிவாரணம் பெறத் தகுதியானவர் இருப்பார். பதியாமல் உறவினர் வீட்டில் தங்கியவர் இருக்க மாட்டார். பெண் தலைமைக் குடும்பங்கள் பற்றி ஆய்வு செய்யும்போது இதை நேரடியாகச் சந்தித்தோம். கணவர் காணாமல் போன பெண் ஒரு பட்டியலில் விதவை, இன்னொன்றில் மணமானவர். எது என்று அவரையே கேட்பதற்குக்கூட எங்களுக்கு வாய் வருவதில்லை. அந்த இடத்தில் எண் சரியா பிழையா என்று பார்ப்பதற்கு முதல், அந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்று யோசிக்க வேண்டியிருந்தது.

ஆனபடியால் முழுக் கணக்கெடுப்பை லேசாகப் பேசாதீர்கள். அது இல்லாவிட்டால் மாதிரி எடுப்பதற்கே சட்டகம், அதாவது யாரிலிருந்து எடுப்பது என்ற முழுப் பட்டியல், இல்லை. நேர்காணலில் சந்தித்த ஐம்பது பேர் எந்தக் கூட்டத்தின் ஐம்பது பேர் என்று சொல்ல வழியில்லை.

ஊர்ச்சுவடி எழுதியது:

வடலி சொன்னதை எல்லோரும் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

கேட்கலாமா, யார் முன்னால் கேட்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வில் கணவன் வன்முறை பற்றிய பகுதியை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும்தான் கேட்பார்கள். தனிமை கிடைக்காவிட்டால் கேட்பதை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. காவல்நிலைய வழக்கு எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வழக்கு எண்ணிக்கை கூடினால் வன்முறை கூடியதாகவும் இருக்கலாம், புகார் கொடுக்கத் துணிந்தவர் கூடியதாகவும் இருக்கலாம். ஒரே விஷயம்தான், ஆனால் ஒன்று வீட்டுக்குள்ளிருந்து கேட்டது, மற்றது காவல்நிலைய வாசலில் எழுதியது.

தாமிரபரணி எழுதியது:

எனக்கும் இந்தப் பிரச்சினை இருக்கிறது. மாமியார் பக்கத்தில் இருந்தால் பணம் யார் கைக்குப் போகிறது என்று யாரும் வாய் திறப்பதில்லை.

இன்னொரு சந்தேகம். நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது உதவுமா? ஒரு நாளை அரை மணி அரை மணியாகப் பிரித்துக் கேட்பது.

கணக்கன் எழுதியது:

உங்கள் தலைப்புக்கு மிகப் பொருத்தமான வகை அதுதான். இந்தியாவில் 1998-99இல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாகச் செய்தார்கள், தமிழ்நாடும் அதில் ஒன்று. நாடு முழுவதற்கும் முதன்முதலாக நடந்தது 2019இல், சுமார் 1,39,000 வீடுகள். முந்தின நாள் காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரை, அரை மணித் துண்டுகளாக என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதுவார்கள். ஒரே துண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட செயல் இருந்தாலும் எழுத இடம் உண்டு. வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் சராசரியாக நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது.

இதன் பலம், "நீ யார்" என்று கேட்பதில்லை, "என்ன செய்தாய்" என்று கேட்கிறது. தொழிலாளியா இல்லத்தரசியா என்று யாரும் தன்னைத்தானே வகைப்படுத்த வேண்டியதில்லை. சோறு வேகும்போது சுற்றினது, டிவி முன்னால் சுற்றினது எல்லாம் வந்துவிடும்.

பலவீனம், ஒருவருக்கு ஒரே ஒரு நாள். அது கோயில் கொடை நாளாக இருக்கலாம், இலை வராத நாளாக இருக்கலாம். பெரிய மாதிரியில் அது சமன்படும், உங்கள் சின்ன மாதிரியில் சமன்படாது. அப்புறம், கடிகாரம் பார்த்து வேலை செய்யாதவரிடம் மணி கேட்கிறோம். பள்ளி மணி, தண்ணீர் வந்த நேரம், நாடகம் போட்ட நேரம் என்று அவர்களுடைய குறிகளை வைத்துத்தான் கணக்கிட வேண்டியிருக்கும்.

பேனாமுள் எழுதியது:

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? கலப்பு முறை என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் எண், கொஞ்சம் மேற்கோள் போட்டால் போதாதா? எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஊர்ச்சுவடி எழுதியது:

செய்கிறார்கள்தான், அதனால்தான் பல ஆய்வேடுகளில் மூன்றாம் அத்தியாயத்துக்கும் ஐந்தாம் அத்தியாயத்துக்கும் பேச்சுவார்த்தையே இருப்பதில்லை. அட்டவணை ஒன்றைச் சொல்லும், மேற்கோள் வேறொன்றைச் சொல்லும், இரண்டையும் மோதவிட்டுப் பார்க்க மாட்டார்கள். நாலு தரவை வைத்துச் சராசரி எடுப்பது நோக்கமில்லை. எங்கே விலகுகிறதோ அங்கே போய் ஏன் என்று கேட்க வேண்டும்.

கணக்கன் எழுதியது:

அதைச் செய்ய ஒரு வழி சொல்கிறேன், தாமிரபரணி. வார்டு ஒன்றோ இரண்டோ எடுத்து, முதலில் எல்லா வீடுகளையும் நீங்களே பட்டியலிடுங்கள். பீடி சுற்றும் வீடு, சுற்றாத வீடு இரண்டையும். அதிலிருந்து குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். தேர்வான வீட்டில் பி.எல்.எஃப்.எஸ். கேள்வியை ஓர் எழுத்துகூட மாற்றாமல் வீட்டில் யார் பதில் சொல்கிறாரோ அவரிடமே கேட்டுக் குறியீடு போடுங்கள். பிறகு இன்னொரு நாள் போய் அந்தப் பெண்ணிடமே நேர நாட்குறிப்பு எடுங்கள். ஒரே பெண், இரண்டு தரவு. 92 என்று வந்தவர்களில் எத்தனை பேர் நாளுக்கு எத்தனை மணி நேரம் சுற்றுகிறார்கள் என்று நீங்கள் எண்ணில் காட்டலாம். நூறு வீடு போதும், முந்நூறு வேண்டாம்.

கதவுதட்டி எழுதியது:

நல்ல யோசனை. ஒரு திருத்தம் மட்டும். பாதி வீட்டில் நாட்குறிப்பை முதலில் எடுக்கட்டும், குறியீட்டுக் கேள்வி பிறகு. நாட்குறிப்பு சொன்ன பெண்ணின் வீட்டில், அடுத்த முறை கணவரே "பீடி சுற்றுகிறாள்" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அந்த வித்தியாசத்தையும் அளந்துவிடலாம். எந்தப் பாதி எது என்பதையும் குலுக்கலில் விடுங்கள்.

பீடிக் கடைக்குச் சரக்கு கொண்டுபோகிற நாளும் அதற்கு முந்தின ராத்திரியும் வேறு மாதிரி இருக்கும். நாட்குறிப்பு நாட்களை வாரம் முழுக்கப் பரப்பிப் போடுங்கள். கடை நாளை விட்டுவிடாதீர்கள்.

பதிவேடு எழுதியது:

நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன் தாயி. ஒரு அட்டையில் மூன்று பேர் சுற்றுகிறார்கள் என்று ஊர் பேர், தெரு பேரோடு எழுதிவிட்டால், மறுநாளே அட்டையை ரத்து செய்ய அதையே காரணமாக எடுத்துக்கொள்வார்கள். பாஸ்புத்தகத்தைப் படம் பிடிப்பதானால் எண்ணை மறைத்துவிட்டுப் பிடியுங்கள். கடைப் பேரும் தெரியக் கூடாது. பட்டியலை உங்கள் மடிக்கணினியில் பூட்டி வையுங்கள், துறையில் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

தாமிரபரணி எழுதியது:

சரி அண்ணாச்சி, வீடுகளுக்கு எண் மட்டும்தான். பேர் எழுதிய தாள் தனியாக என்னிடமே இருக்கும். ஊர் பேரும் மாற்றிவிடுகிறேன்.

கணக்கன் சார், பி.எல்.எஃப்.எஸ். படிவத்தின் தமிழ் வடிவம் களத்தில் எப்படிக் கேட்கப்படுகிறது என்று தெரிய வேண்டும். கதவுதட்டி அண்ணன் நீங்கள் கேட்ட வாக்கியத்தையே அப்படியே எழுதித் தர முடியுமா? இந்த வாரம் வீடு பட்டியலிடத் தொடங்குகிறேன்.

கதவுதட்டி எழுதியது:

இன்று இரவு தனிச்செய்தியில் அனுப்புகிறேன். எங்கள் குழுவில் மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்போம், மூன்றையும் தருகிறேன்.